காப்பும் மீட்பும்

வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது என்னும் நம்பிக்கையில்தான் குடும்பஸ்தன் இரவில் கண்ணயர்கிறான். பெட்டியில் பத்திரம், பரணில் பாத்திரம், ஊரில் பூட்டிவைத்த வீடு ஆகியவற்றை நாம் நாள்தோறும் திறந்து பார்ப்பதில்லை. பாராமலே இருக்கின்றன என்று கொள்கிறோம். அவ்வாறு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நான் நம்பியிருந்த ஒரு பொருளை 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் திறந்து பார்க்க நேர்ந்தது. அந்த வரலாற்றை நமது சங்கத்து அன்பர்களிடம் ஒளியாமல் சொல்லிவிடுவது கடமை எனக் கருதுகிறேன். என் அறியாமை இதில் வெளிப்படத்தான் செய்யும். அதனால் ஒரு வீட்டாருக்கேனும் பயன் விளையுமானால் எனக்கு வருத்தமில்லை.

காக்கநாட்டில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணிப்பொறி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டுக் கோப்புகள் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து, கேட்போர்க்குக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் சர்வர் அது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயக்குதளம் அதில் இருக்கிறது. அதற்கு விலையில்லை, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய என் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் விலை கொடாமல் வாங்கிய பசுவுக்குப் புல் பிடுங்குவது முதல் பால் கறப்பது வரை நாமேதான் செய்ய வேண்டும்.

அதில் மூன்று வகைப் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். முதலாவது, குடும்பப் புகைப்படங்களும் ஒலிப்பதிவுகளும். இரண்டாவது, நமது மாத இதழின் பழைய பிரதிகள். மட்டாஞ்சேரியில் சங்கத்து அலமாரியிலிருந்த அவை கரையானுக்கும் பூஞ்சைக்கும் இரையாகி வருவதைக் கண்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமிக்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். மூன்றாவது, வீட்டு வரவு செலவுக் கணக்கு.

முதல் வகையைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். என் தந்தையார் 1972ஆம் ஆண்டில், தமது பதினேழாவது வயதில், தென்காசியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அக்காலத்தில் தென்காசியில் ஏறினால் செங்கோட்டைக் கணவாய் கடந்து, கொல்லம், கோட்டயம் வழியாக எர்ணாகுளம் வரை ஒரே மீட்டர்கேஜ் பாதைதான். இறங்கியதும் படகேறி மட்டாஞ்சேரிக்குச் சென்று, ஒரு மிளகுப் பண்டகசாலையில் மூட்டை எண்ணும் வேலையில் அமர்ந்தார். கணக்கெழுதும் வேலையில் ஓய்வு பெற்றார். அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்த அவரைப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதியத் தொடங்கினேன். உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தே மிளகின் ஈரத்தை எப்படிச் சொல்வார்கள், மலையேறும் வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் தள்ளிக்கொண்டு வந்தது, முதல் மணியார்டரை ஊருக்கு அனுப்பிய நாள் என்று ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பேசினார். மூன்று ஆண்டுகளில் பதினொரு பதிவுகள் சேர்ந்தன. 2023ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இவற்றையெல்லாம் ஒரே இயந்திரத்தில் வைத்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. ஒரே செய்தியை இரட்டையாக எழுதும் இரண்டு வட்டுகள் அதில் இருந்தன. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். அது போதாதென்று, பழைய சாமான் கடையில் ஒரு டேப் இயந்திரமும் வாங்கிச் சேர்த்தேன். டேப் என்றதும் பாட்டுக் கேட்கும் கேசட்டை நினைத்துவிட வேண்டாம். எல்.டி.ஓ. என்னும் வகையில் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த இது 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் அரை அங்குல அகலத்தில் 820 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். இருபத்திரண்டு பெட்டிகள் கோத்த எக்ஸ்பிரஸ் வண்டியைவிட அது நீளம். அதன் மேல் 896 தடங்கள். ஒரு நாடாவில் 800 கிகாபைட் கொள்ளும். அதன் பெரிய குணம் யாதெனில், எழுதி முடித்து வெளியே எடுத்துவிட்டால் அதற்கும் மின்சாரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இடி விழுந்தாலும், கணிப்பொறியில் கிருமி நுழைந்தாலும், அலமாரியில் இருக்கும் நாடாவை அவை தீண்டா.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் நாடாவை என் கையாலேயே எழுதினேன். கோப்புகளைப் பொட்டலமாகக் கட்டி நாடாவில் ஏற்றுவதற்கு டார் என்றொரு கட்டளை உண்டு. 1979ஆம் ஆண்டு யூனிக்ஸ் பதிப்பிலேயே இடம்பெற்ற முதுபெரும் கட்டளை அது. நாடாவுக்கான பொட்டலம் என்பதே அப்பெயரின் பொருள். அதைக் கொண்டு எழுதி, உறையின் மேல் ‘முதற்படி’ என்று மட்டும் குறித்து, அவ்வாண்டு இறுதியில் தென்காசிக்குப் போனபோது தங்கையின் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். இடையில், ஞாயிறுதோறும் இரவில் தானே எழுதிக்கொள்ளும்படி மூன்று வரிகளில் ஒரு கட்டளைத் தொகுப்பைச் செய்து வைத்தேன். முதல் வரி படங்களையும் பதிவுகளையும் எழுதும். இரண்டாம் வரி சங்கத்து இதழ்களை எழுதும். மூன்றாம் வரி கணக்கை எழுதும். நான்கு நாடாக்களை மாற்றி மாற்றிப் போட்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் ‘பிழை ஏதுமில்லை’ என்ற அறிக்கை வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அலுவலகம் போவேன்.

கேரளத்தில் ஐப்பசி மழை என்றால் இடியும் மின்னலும் கூடவே வரும் என்பது நம்மவர்க்குத் தெரியாததன்று. 2024ஆம் ஆண்டில் அப்படி ஒரு மாலை, இணையத் தொடர்புக் கம்பியின் வழியே மின்னல் உள்ளே வந்துவிட்டது. மின்சாரத்துக்குக் காவல் வைத்திருந்தேனேயன்றி அந்தக் கம்பிக்கு வைக்கவில்லை. இரட்டை வட்டுகள் இரண்டும் ஒரே நொடியில் ஒருங்கே மாண்டன. ஒன்றுக்கொன்று துணை என்று நான் நினைத்திருந்த இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தமையால் ஒரே சாவுக்கு ஆளாயின. பின்னர் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அவற்றை அனுப்பிப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து ‘இயலாது’ என்ற விடையோடு திரும்பி வந்தன.

அன்றிரவு எனக்குப் பெரிய கலக்கம் ஏற்படவில்லை. நாடாக்கள் இருக்கின்றன அல்லவா? டேப் இயந்திரம் தனிப் பெட்டியில் இருந்ததால் பிழைத்திருந்தது. வேறொரு கணிப்பொறி தேடி, லினக்ஸை நிறுவி, கடைசி ஞாயிற்றுக்கிழமை நாடாவைச் செருகினேன். வீட்டுக் கணக்கு வந்தது. பால் கணக்கு, மின் கட்டணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் காசு குறையாமல் வந்தன. அதோடு நாடா நின்றுவிட்டது. மேலே செல்லும்படி ஆணையிட்டால் பிழை என்றது. இரண்டாவது நாடாவைப் போட்டேன். மூன்றாவதை, நான்காவதைப் போட்டேன். நான்கிலும் பால் கணக்குத்தான் இருந்தது.

எங்கள் மேல்மாடியில் மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் குடியிருக்கிறார், இன்ஃபோபார்க்கில் வேலை. அவரை அழைத்துவந்து காட்டினேன். நாடாவைத் தொடாமல், என் மூன்று வரிகளைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டார். இரண்டு முறை படித்தார். “அண்ணே, மூன்று வரியிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது” என்றார்.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஒரே டேப் இயந்திரத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. எஸ்.டி. 0 என்பது ஒன்று; என்.எஸ்.டி. 0 என்பது மற்றொன்று. முதற்பெயரால் அழைத்தால், வேலை முடிந்தவுடன் நாடா தானே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். ‘என்’ சேர்ந்த பெயரால் அழைத்தால், நின்ற இடத்திலேயே நின்று அடுத்த பொட்டலத்துக்குக் காத்திருக்கும். நான் முதற்பெயரை எழுதியிருந்தேன். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது இது: தந்தையாரின் குரல் நாடாவில் ஏறியது, நாடா பின்னோக்கிச் சுற்றியது, அதன் தலைமேல் சங்கத்து இதழ்கள் ஏறின, மறுபடியும் சுற்றியது, அதன் தலைமேல் பால் கணக்கு ஏறி, ‘செய்தி இத்துடன் முற்றிற்று’ என்ற முத்திரையும் விழுந்தது. ஒவ்வொரு வரியும் தன்னளவில் பிழையின்றி நடந்தேறியதால் இயந்திரம் பிழை ஏதுமில்லை என்றது. அது பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

“முன்பு எழுதியது நாடாவின் பின்பகுதியில் இன்னமும் கிடக்குமே, தம்பி?” என்றேன்.

“கிடக்கலாம், அண்ணே. ஆனால் அந்த முத்திரையைத் தாண்டிப் போக இயந்திரம் ஒப்புக்கொள்ளாது. இனி இந்த நான்கு நாடாவிலும் எதையும் எழுதாதீர்கள். வேறு பிரதி எங்கேயாவது இருக்கிறதா?” என்றார்.

அப்போதுதான் தென்காசியில் விட்டுவந்த முதற்படி நினைவுக்கு வந்தது.

பாலருவி எக்ஸ்பிரஸில் புறப்பட்டேன். தந்தையார் வந்த வழியே நான் திரும்பிச் சென்றேன் என்று சொல்லலாம். அந்தப் பழைய மீட்டர்கேஜ் மலைப்பாதை 2010ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2018ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. குகைகள் வந்தபோது இரவாகிவிட்டதால் ஜன்னலில் என் முகம் ஒன்றே தெரிந்தது. குகை ஒவ்வொன்றைப் பற்றியும் அவர் விவரமாகச் சொன்னது எந்தப் பதிவில், அது முதல் நாடாவை எழுதுவதற்கு முன்பா பின்பா என்று எண்ணிக்கொண்டே போனேன். நினைவுக்கு வரவில்லை.

தங்கை அந்த நாடாவைப் பிஸ்கட் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொடிப் பொட்டலங்களோடு, பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். “என்னவென்று தெரியாது, அண்ணே. நீங்கள் கொடுத்ததால் பத்திரமாக வைத்தேன்” என்றாள்.

காக்கநாட்டுக்குத் திரும்பி நாடாவைச் செருகினேன். ‘நினைவகம் ஒதுக்க இயலவில்லை’ என்ற செய்தி வந்தது. கணிப்பொறிக்கு நினைவகம் போதவில்லை என்று பொருள் கொண்டு, மறுநாளே கடைக்குப் போய் நினைவகத்தை இரு மடங்காக்கினேன். அதே செய்தி. தலையைத் துடைக்கும் சுத்திகரிப்பு நாடாவைப் போட்டு எடுத்தேன். அதே செய்தி. நாடா கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேல்மாடித் தம்பி வந்துதான் அந்தச் செய்தியின் மெய்ப்பொருளை விளக்கினார். நாடாவில் செய்தி கட்டம் கட்டமாக எழுதப்படுகிறது. டார் கட்டளைக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10,240 பைட்டுகள் கொண்ட கட்டங்களாக எழுதும். அந்த அளவுப் பாத்திரத்தை நீட்டித்தான் படிக்கவும் செய்யும். நாடாவிலிருக்கும் கட்டம் அதைவிடப் பெரிதாயிருந்தால் பாத்திரம் கொள்ளாது. ‘உன் பாத்திரம் சிறியது’ என்பதைத்தான் அது நினைவகத்தின் பெயரால் சொல்கிறது. கணிப்பொறியின் நினைவகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிடி என்னும் கட்டளையால், மிகப் பெரிய பாத்திரத்தை நீட்டி ஒரே ஒரு கட்டத்தை மட்டும் படித்தார். 2,62,144 பைட்டுகள் வந்தன. அதை 512ஆல் வகுத்தார். 512 என்றே வந்தது. “அண்ணே, நீங்கள் எழுதும்போது கட்ட அளவை 512 என்று கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். ஆம், விரைவாக எழுதும் என்று எங்கோ படித்து அவ்வாறு கொடுத்தேன். கொடுத்ததை உறைமேல் குறிக்கவில்லை. முகவரி சரியாக எழுதாத பொதிகளை ஏற்க மறுத்து நாள்தோறும் பிறரைத் திருப்பியனுப்புகிறவன் நான் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அதே அளவைச் சொல்லிப் படித்தபோது நாடா தயங்காமல் ஓடியது. கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கின. 2021ஆம் ஆண்டு ஜனவரி வரையிலான புகைப்படங்கள் வந்தன. சங்கத்து இதழ்களில் அதுவரை படமெடுத்தவை வந்தன. பின்னர் எடுத்தவற்றின் தாள் பிரதிகள் மட்டாஞ்சேரி அலமாரியிலேயே இருந்ததால், அவற்றை மீண்டும் படமெடுத்து வருகிறேன். தந்தையாரின் பதிவுகளில் நான்கு வந்தன. மீதம் ஏழில் இரண்டை அவ்வப்போது வாட்சப்பில் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். ஐந்து போயின. குகைகளைப் பற்றிப் பேசியது அந்த ஐந்தில் ஒன்று.

இத்தகைய தவறு என் போன்ற அரைகுறைப் படிப்பாளிக்கு மட்டும் நேர்வதன்று என்று பின்னர் அறிந்து சிறிது ஆறுதல் கொண்டேன். அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், தவறான ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழிந்தன. காப்புப் படியை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாக எழுதப்படாமல் இருந்தது. குழந்தை பிறந்ததையொட்டி வீட்டிலிருந்து வேலை செய்துவந்த ஓர் அம்மையார், தம் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அதுவே படத்தைப் பிழைக்க வைத்தது. கிட்லாப் என்னும் நிறுவனத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி இரவில் தவறுதலாகத் தரவுகள் அழிக்கப்பட்டபோது, பலவகையாக ஏற்பாடு செய்திருந்த காப்புகளில் பெரும்பாலானவை பயன்படவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணி நேரம் முந்தைய பிரதி ஒன்றே கைகொடுத்தது. மாறாக, 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் மென்பொருள் கோளாறால் ஜிமெயிலில் ஒரு பகுதியினரின் கடிதங்கள் காணாமற் போனபோது, கூகுள் நிறுவனத்தார் அவற்றை நாடாக்களிலிருந்தே மீட்டுக் கொடுத்தனர். வட்டுகளில் இருந்த பிரதிகளையெல்லாம் பாதித்த கோளாறு, கழற்றி வைத்திருந்த நாடாவைப் பாதிக்கவில்லை. நாடாவின் மேல் குற்றமில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதி முடித்ததோடு வேலை தீர்ந்தது என்று இருந்ததில்லை. ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் புதிய ஏட்டை ஒப்புநோக்கித் திருத்துவார். டார் கட்டளைக்கும் அவ்வாறு ஒப்புநோக்கும் வகை உண்டு; நாடாவில் உள்ளதையும் வட்டில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வேறுபாட்டைச் சொல்லும். நான்கு ஆண்டுகளில் ஒரு முறை அதைச் செய்திருந்தாலும், முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இப்போது என் ஏற்பாடு மாறிவிட்டது. மூன்று வரிகளிலும் ‘என்’ சேர்த்தாயிற்று. ஒவ்வொரு நாடாவின் உறையிலும் எழுதிய தேதி, கட்டளையின் பெயர், கட்ட அளவு, பொட்டலங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதுகிறேன். நான் இல்லாத நாளில் என் மனைவி ஒருவரை அழைத்துவந்து படித்துக் காட்ட வேண்டும் அல்லவா? ஒரு நாடா தென்காசியில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பின் பெயரைத் தொட்டு, அதை நாடாவிலிருந்து வேறொரு கணிப்பொறியில் மீட்டுத் திறந்து பார்க்கிறேன். அந்த நான்கு பழைய நாடாக்களும் எழுதப்படாமல் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. முத்திரையைத் தாண்டிப் படிக்க வல்லவர் என்றேனும் கிடைப்பார் என்று ஓர் ஆசை.

அன்பர்களுக்கு நான் டேப் இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. ஊரைவிட்டு வந்த நமக்கு ஊரில் நிலம் போகும், வீடு போகும்; எஞ்சியிருப்பவை சில படங்களும் சில குரல்களுமே. அவை கைப்பேசியில் இருந்தாலும் சரி, பென்டிரைவில் இருந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பிரதியைத் தேடி எடுத்து, வேறொரு கருவியில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் மகிழ்ச்சி. திறக்காவிட்டால், முதற்பிரதி உயிரோடிருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள். பெரியவர்கள் இருக்கும் வீடாயின், அவர்கள் பேச்சைப் பதிந்து ஊரிலிருக்கும் உறவினருக்கு ஒரு பிரதி உடனே அனுப்பிவிடுங்கள்.

சென்ற மாதம் கண்ணை மூடித் தொட்டபோது வந்தது தந்தையாரின் மூன்றாம் பதிவு. மிளகைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, “இதையெல்லாம் பதிந்து என்னடா செய்யப்போகிறாய்?” என்று கேட்கிறார். நான் அதில் விடை சொல்லவில்லை. சிரிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது.